நியூயார்க் ‘ஃபேன்’ வானொலி: புதிதாக வந்தவர் கேட்கத் தொடங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நியூஜெர்சிக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். திங்கட்கிழமை காலையில் அலுவலகச் சாப்பாட்டு அறைக்குள் போனால் பாதிப்பேர் முகம் வாடியிருக்கும். “மறுபடியும்!” என்பார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். யாருக்கு என்ன ஆனது என்று எனக்குப் பிடிபடவே மூன்று வாரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஜெட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி தோற்றிருக்கிறது, அதுதான் விஷயம். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது கார் ரேடியோவில் ஏஎம் பக்கம் துழாவிக்கொண்டிருந்தேன். 660-இல் ஒருவர் அதே தோல்வியைப் பற்றித் தொண்டை கம்மப் பேசிக்கொண்டிருந்தார். அவர் தொகுப்பாளர் இல்லை, ஸ்டேட்டன் ஐலண்டிலிருந்து போன் போட்ட ஒரு ரசிகர். அன்றிலிருந்து அந்த நிலையத்தை நான் விடவில்லை.

டபிள்யூ.எஃப்.ஏ.என். என்பது அதன் பெயர். ஊர்க்காரர்கள் ‘தி ஃபேன்’ என்பார்கள். நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்குள்ள மனிதர்களோடு பழக வேண்டும் என்றால் அவர்கள் எதை நினைத்துச் சந்தோஷப்படுகிறார்கள், எதை நினைத்து வயிறெரிகிறார்கள் என்று தெரிய வேண்டும். அதை இந்த வானொலி அளவுக்கு எனக்கு வேறு எதுவும் கற்றுத் தரவில்லை.

முதல் படி: இது என்ன மாதிரி நிலையம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாட்டு கிடையாது, நாடகம் கிடையாது. 24 மணி நேரமும் விளையாட்டைப் பற்றிய பேச்சு, இடையிடையே ஆட்டங்களின் நேரடி வருணனை. இப்படி முழுநேர விளையாட்டுப் பேச்சுக்கென்றே ஒரு வானொலி நிலையம் அமெரிக்காவில் முதலில் எழுந்தது இங்கேதான். 1987 ஜூலை 1 பிற்பகல் 3 மணிக்கு, 1050 ஏஎம் அலைவரிசையில். அதுவரை அங்கே ‘கன்ட்ரி’ இசையை ஒலிபரப்பிய டபிள்யூ.எச்.என். என்ற நிலையம் இருந்தது. புது நிலையத்தில் முதலில் கேட்ட குரல் சூசன் வால்ட்மன் என்ற பெண்ணுடையது. அவர் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறார்.

நாள் முழுக்க விளையாட்டையே பேசினால் யார் கேட்பார்கள் என்று அன்று பலர் சந்தேகப்பட்டார்கள். தொடக்கத்தில் நஷ்டம்தான். 1988 அக்டோபர் 7 அன்று நிலையம் 660-க்கு மாறியது. அது டபிள்யூ.என்.பி.சி. என்ற நிலையம் வைத்திருந்த இடம், 50,000 வாட் சக்தி. இடத்தோடு சேர்த்து அங்கே காலை நிகழ்ச்சி நடத்திய டான் ஐமஸும் வந்தார். அவர் பேச்சில் விளையாட்டு குறைவு, ஆனால் கேட்பவர்கள் அதிகம். நிலையம் நிமிர்ந்தது.

அதை ஊரின் குரலாக ஆக்கியவர்கள் வேறு இருவர்: மைக் ஃபிரான்செஸா, கிறிஸ் ரூஸோ. 1989-இலிருந்து 2008 வரை பிற்பகல் நேரம் அவர்களுடையது. நிகழ்ச்சியின் பெயர் ‘மைக் அண்ட் த மேட் டாக்’. ஃபிரான்செஸா தீர்ப்பு வழங்குகிற தோரணையில் பேசுவார். ரூஸோ கீச்சுக்குரலில் படபடவென்று வெடிப்பார். அமெரிக்காவில் இன்று எந்த ஊர் விளையாட்டு வானொலியைத் திருப்பினாலும், இருவர் எதிரெதிரே உட்கார்ந்து முட்டிக்கொள்ளும் அந்த அச்சு தெரியும்.

இரண்டாம் படி: அலையைப் பிடியுங்கள்

எளிய வழி எஃப்எம் 101.9. 2012 நவம்பரிலிருந்து அதே நிகழ்ச்சிகள் அங்கேயும் வருகின்றன, ஒலி தெளிவாக இருக்கும். ஆனால் நகரத்தை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் எஃப்எம் கைவிட்டுவிடும். 660 ஏஎம் அப்படி இல்லை.

ஏஎம்மைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. சிறுவயதில் சென்னை வானொலியில் சேப்பாக்கம் டெஸ்ட்டை அப்துல் ஜப்பார் தமிழில் வருணிக்கக் கேட்க, டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் திசை திசையாகத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஏஎம் ரேடியோவுக்குள் ஒரு ஃபெரைட் கம்பி இருக்கிறது. அதன் நீளப்பக்கம் ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்த்து இருந்தால் ஒலி நன்றாகக் கேட்கும், நுனி கோபுரத்தைப் பார்த்தால் மங்கும். ஆகவே ரேடியோவை மேசையில் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். ஒலி மிகவும் தெளிவாகும் இடத்தில் விட்டுவிடுங்கள். செல்போன் சார்ஜர், எல்இடி விளக்கு, மைக்ரோவேவ் இவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள், இரைச்சல் போடும். ஜன்னலோரம் நல்லது.

660-இன் கோபுரம் பிராங்ஸ் கரையோரம் ஹை ஐலண்ட் என்ற சின்னத் தீவில் நிற்கிறது. பகலில் அலை தரையோடு பரவும். இரவானதும் வேறு கதை. பகலில் ஏஎம் அலையை விழுங்கிவிடும் வானத்தின் கீழடுக்கு, சூரியன் மறைந்ததும் கரைந்துபோகிறது. அலை மேலே போய், இன்னும் உயரத்தில் இருக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பி, பல நூறு மைல் தள்ளித் தரையிறங்கும். அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் எங்கே இரவுப் பயணம் போனாலும் 660-ஐ ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஒலி அலைபோல் ஏறி இறங்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். வட கரோலினாவுக்குக் காரில் போகும்போது, இருட்டிய பிறகு இந்தக் குரல்கள் திரும்ப வந்து சேர்ந்த அந்த நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சில மின்சாரக் கார்களில் ஏஎம்மே கிடையாது, மோட்டாரின் மின்காந்த இரைச்சல்தான் காரணம். அப்படியென்றால் எஃப்எம் அல்லது நிலையத்தின் ஒலி வரும் ஆடசி (Audacy) ஆப். ஆப்பில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, நேரடி ஒலியைவிட அது பின்தங்கி வரும். இரண்டு, ஆட்ட ஒலிபரப்புக்கான இணைய உரிமை தனி என்பதால், ஆட்ட நேரத்தில் ஆப்பில் அது கிடைக்காமல் போகலாம். ஆட்டத்துக்கு ரேடியோதான் நம்பகம்.

மூன்றாம் படி: ஒன்பது அணிகள், அவற்றின் காயங்கள்

இந்தப் படியைத் தாண்டாமல் எதுவும் புரியாது. ஸ்கோரைவிட ஒவ்வொரு அணியின் ரசிகரும் எதைச் சுமக்கிறார் என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

பேஸ்பாலில் யாங்கீஸ், மெட்ஸ். யாங்கீஸ் பிராங்ஸில் ஆடுகிறது. பேஸ்பாலின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை 27 முறை வென்ற அணி, 27-ஆவது 2009-இல். அதன் ரசிகருக்குக் கோப்பை இல்லாத ஒவ்வோர் ஆண்டும் வீண். குயின்ஸில் ஆடும் மெட்ஸ் கடைசியாக வென்றது 1986-இல். அதன் ரசிகர் நம்பிக்கையும் பயமும் கலந்து பேசுவார். 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்ற நட்சத்திர ஆட்டக்காரர் யாங்கீஸை விட்டு மெட்ஸுக்குப் போனார். 15 ஆண்டு, 765 மில்லியன் டாலர். அந்த வாரம் முழுக்க நான் வேறெதுவும் கேட்கவில்லை. யாங்கீஸ் ரசிகர்கள் வீட்டுப்பிள்ளை ஓடிப்போனதுபோல் புலம்பினார்கள். பணக்கார யாங்கீஸ், ஏழை மெட்ஸ் என்று காலம்காலமாகச் சொல்லிவந்த கணக்கு தலைகீழான நாள் அது.

அமெரிக்கக் கால்பந்தில் ஜயன்ட்ஸ், ஜெட்ஸ். பெயரில் நியூயார்க், ஆடுவது இரண்டுமே நியூஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில், 2010-இல் திறந்த ஒரே மைதானத்தில். ஜயன்ட்ஸுக்கு நினைத்து மகிழ விஷயம் உண்டு. 2008 பிப்ரவரியில், அதுவரை ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தில் வீழ்த்தினார்கள். 2012-இல் அதே அணியை மறுபடியும். ஜெட்ஸுக்கு இருப்பது ஒரே ஒரு சூப்பர் பௌல், 1969 ஜனவரி. “ஜெயிப்போம், உறுதி தருகிறேன்” என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டு ஜெட்ஸ் ஆட்டக்காரர் ஜோ நேமத் 16-7 என்று பால்டிமோர் அணியைத் தோற்கடித்தார். அதன்பிறகு அந்த இறுதி ஆட்டத்துக்கே அவர்கள் போனதில்லை. தாத்தா பார்த்த கோப்பையைப் பேரன் கேள்விப்பட்டதோடு சரி. என் அலுவலகத்து வாடிய முகங்களுக்கு இதுதான் காரணம்.

கூடைப்பந்தில் நிக்ஸ், நெட்ஸ். நிக்ஸ்தான் ஊரின் காதல். 1973-இல் வென்ற கோப்பையின் நினைவை அரை நூற்றாண்டு ஏந்தி வந்தவர்கள் அவர்கள். நெட்ஸ் 2012-இல் நியூஜெர்சியிலிருந்து புரூக்ளினுக்குப் போனது. வானொலியில் அதைப் பற்றிய அழைப்பு எப்போதாவது ஒன்று வரும்.

ஐஸ் ஹாக்கியில் ரேஞ்சர்ஸ், ஐலண்டர்ஸ், டெவில்ஸ். இவற்றுக்குப் பேச்சு நேரம் குறைவு, பிளேஆஃப் என்ற கோப்பைச் சுற்று வந்தால் ஏறும். ரேஞ்சர்ஸ் 54 ஆண்டு காத்திருந்து 1994-இல் வென்றது என்பது மட்டும் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

ஓர் அறிவுரை: முதல் ஆண்டு எந்த அணியையும் தேர்ந்தெடுக்காதீர்கள். கேளுங்கள். எந்த அணிக்காரர் பேசும்போது உங்களுக்கு மனம் இளகுகிறதோ அதுதான் உங்கள் அணி.

நான்காம் படி: ஒருநாளின் போக்கு

காலை 6 முதல் 10 வரை பூமர் எஸயாசன், கிரெக் ஜியனோட்டி. எஸயாசன் லாங் ஐலண்டில் வளர்ந்தவர், 1988-இல் என்எஃப்எல் என்ற கால்பந்து லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), பின்னாளில் ஜெட்ஸுக்கும் ஆடியவர். 2007 செப்டம்பரிலிருந்து இந்த நேரத்தில் இருக்கிறார். ஜியனோட்டி 2018 ஜனவரியில் சேர்ந்தார். எஸயாசன் சொல்லும் ஆட்ட நுணுக்கங்களை விடாதீர்கள். ‘பந்தை ஏன் அந்தப் பக்கம் எறிந்தார்?’ என்பதற்குக் களத்தில் நின்றவர் தரும் பதில் தனி. மற்ற நேரம் சிரிப்பும் கிண்டலுமாகப் போகும். ஆங்கிலக் கிண்டல் பழகாதவர்களுக்கு அந்தப் பகுதி கடினம், கவலைப்படாதீர்கள்.

மதியமும் பிற்பகலும் அழைப்புகளுக்கான நேரம். தொகுப்பாளர்கள் அவ்வப்போது மாறுவார்கள். யாராக இருந்தாலும் இந்த நேரத்தில்தான் விவாதம் கனமாக இருக்கும். வேலை முடிந்து போக்குவரத்து நெரிசலில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குரலைக் கேட்கிற நேரம் அது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை சுருக்கமான விளையாட்டுச் செய்தி தருவது நிலையத்தின் நெடுநாள் பழக்கம். புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம், பெயர்களும் ஸ்கோர்களும் அதில்தான் மனதில் பதியும்.

அப்புறம், பின்னிரவு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரவுப்பணி நர்ஸ், டாக்ஸி ஓட்டுபவர், பேக்கரியில் மாவு பிசைகிறவர், தூக்கம் வராத முதியவர், இவர்களெல்லாம் அழைப்பார்கள். அவசரமே இருக்காது. பல ஆண்டுகள் இந்த நேரத்தை நடத்திய ஸ்டீவ் சோமர்ஸ், அழைப்பவர்களை நண்பர்களாகவே நடத்தினார். 2021-இல் ஓய்வு பெற்றார். குயின்ஸிலிருந்து நள்ளிரவுக்குப் பின் தவறாமல் அழைத்து மெட்ஸைப் பற்றி அலசிய ஒரு பெண், முகம் தெரியாத ஆயிரம் பேருக்குப் பழக்கமான குரலாக இருந்தார். அவர் 2003-இல் இறந்தபோது செய்தித்தாளில் குறிப்பு வந்தது. ஒரு வானொலி நேயருக்கு அந்த மரியாதை கிடைத்த ஊர் இது.

எந்த நாளில் தொடங்குவது? செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஏதாவது ஒரு திங்கட்கிழமை. கால்பந்துக்கு ஓர் அணிக்குப் பருவத்தில் 17 ஆட்டம்தான். எனவே ஒவ்வொரு ஞாயிறும் பெரிய தீர்ப்பு, மறுநாள் அதன் மேல்முறையீடு.

ஐந்தாம் படி: பேச்சுவழக்கைப் பழகுங்கள்

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பேஸ்பால் பேச்சு சீக்கிரம் வசமாகும். ‘புல்பென்’ என்றால் தொடக்கப் பந்துவீச்சாளர் களைத்ததும் வருவதற்காகக் காத்திருக்கும் பந்துவீச்சாளர் கூட்டம். மெட்ஸ் ரசிகர் அந்தச் சொல்லைச் சொல்லும்போதே பெருமூச்சு வரும். ‘டிரேட்’ என்றால் ஆட்டக்காரரைக் கொடுத்து ஆட்டக்காரரை வாங்குவது. ‘டிராஃப்ட்’ என்றால் கல்லூரியிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வரும் இளைஞர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது. பொதுவாக மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை வாய்ப்பு. அதனால் பருவத்தின் கடைசியில் ‘டேங்க்’ என்ற சொல் அதிகம் கேட்கும். வேண்டுமென்றே தோற்று முன்வரிசையைப் பிடிப்பது.

பணப் பேச்சுக்கு ஓர் அடிப்படை. கால்பந்தில் ஓர் அணி மொத்தச் சம்பளமாக இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற கண்டிப்பான உச்சவரம்பு உண்டு. பேஸ்பாலில் அது கிடையாது, ஓர் அளவைத் தாண்டினால் வரி கட்டினால் போதும். “இன்னும் இரண்டு பேரை வாங்கு” என்று பேஸ்பால் ரசிகர் முதலாளியைத் திட்டுவதும், கால்பந்து ரசிகர் உச்சவரம்புக் கணக்கு போடுவதும் இதனால்தான்.

ஆறாம் படி: ஓர் ஆட்டத்தை ரேடியோவில் முழுதாகக் கேளுங்கள்

ஜயன்ட்ஸ் ஆட்டங்கள் பல ஆண்டுகளாக இந்த நிலையத்தோடு வருபவை. யாங்கீஸ் 2014-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுவரை இங்கே மெட்ஸ்தான். ரேடியோவுக்கென்றே பிறந்த ஆட்டம் பேஸ்பால். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம், ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை மணி நேரம். சமையலோ துணி மடிப்பதோ கூடவே நடக்கலாம்.

யாங்கீஸின் குரலாக நெடுங்காலம் இருந்தவர் ஜான் ஸ்டெர்லிங். 1989-இலிருந்து 2019 வரை ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து 5,060 ஆட்டங்களை வருணித்தவர், 2024-இல் ஓய்வை அறிவித்தார். பந்து எல்லை தாண்டினால் “இட் இஸ் ஹை, இட் இஸ் ஃபார், இட் இஸ்… கான்!” என்று இழுப்பார். 2005-இலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை விளக்கியவர்தான் சூசன் வால்ட்மன், 1987-இல் நிலையத்தின் முதல் குரல். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறையில் ஒரு பெண் செய்தியாளர் பட்ட அவமானங்கள் கொஞ்சமில்லை. அதையெல்லாம் தாண்டி அவர் அந்த நாற்காலிக்கு வந்தார் என்பதை நினைத்தபடியே நான் அவரைக் கேட்பேன்.

டிவியை ஊமையாக்கிவிட்டு ரேடியோ வருணனை கேட்க விரும்பினால் ஒன்று: ஏஎம் ஒலி டிவி படத்தை முந்திவிடும், முடிவு முன்பே தெரிந்துவிடும். ஆப் ஒலி டிவிக்குப் பின்னால் வரும். அப்போது டிவியைச் சில நொடி நிறுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். முதல்முறை டிவியே வேண்டாம் என்பது என் கட்சி.

ஏழாம் படி: பந்தயப் பேச்சைப் பிரித்துக் கேளுங்கள்

2018 மே மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது, அடுத்த மாதமே நியூஜெர்சியில் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமானது. நியூயார்க்கில் செல்போன் வழியான பந்தயம் 2022 ஜனவரியில். அதிலிருந்து விளம்பரத்திலும் பேச்சிலும் பந்தயக் கணக்கு கலந்துவிட்டது. “ஜயன்ட்ஸ் மைனஸ் மூன்றரை” என்றால், குறைந்தது நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அதில் கட்டியவருக்குப் பணம் என்று பொருள். பொருள் தெரிந்திருக்கட்டும், பேச்சைப் பின்தொடர அது போதும். தொகுப்பாளர் தன் சொந்தக் குரலில் பரிந்துரைப்பதால் அது நண்பர் சொல்லும் யோசனைபோல் கேட்கும், ஆனால் அது காசு வாங்கிச் செய்யும் விளம்பரம். பந்தயத்தால் சேமிப்பை இழந்த நம் ஊர்ப் பையன்களை எனக்குத் தெரியும். மாட்டிக்கொண்டவர் யாராவது இருந்தால் நியூஜெர்சியில் 1-800-கேம்ப்ளர் (GAMBLER) என்ற உதவி எண் இருக்கிறது, தயங்காமல் கூப்பிடச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: நீங்களே அழையுங்கள்

ஆறு மாதமாவது கேட்ட பிறகு இதைச் செய்யுங்கள், ஆனால் கட்டாயம் செய்யுங்கள். எண்ணை நிகழ்ச்சியில் அடிக்கடி சொல்வார்கள். முதலில் எடுப்பவர் தொகுப்பாளர் இல்லை, அழைப்புகளை வடிகட்டும் ஸ்கிரீனர். பெயர், ஊர், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள், இவ்வளவுதான் கேட்பார். ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். “ஜெட்ஸ் பற்றி” என்றால் போதாது, “ஜெட்ஸ் இந்த டிராஃப்டில் குவார்ட்டர்பேக்கை எடுக்கக் கூடாது, ஏனென்றால்…” என்றால் வரிசையில் விடுவார்கள். எல்லோரும் சொல்வதற்கு எதிரான கருத்து என்றால் இடம் கிடைப்பது சுலபம்.

காத்திருப்பு நீளும். நான் 40 நிமிடம் காத்திருந்தேன். அப்போது நிகழ்ச்சி போனிலேயே கேட்கும், பக்கத்தில் இருக்கும் ரேடியோவை அணைத்துவிடுங்கள். தகாத சொல் வந்தால் வெட்டுவதற்காக ஒலிபரப்பைச் சில நொடி தாமதித்துத்தான் விடுகிறார்கள். ரேடியோ ஓடினால் உங்கள் குரலே பின்னால் வந்து உங்களைத் தடுமாறவைக்கும். காரில் இருந்தால் ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம்.

உங்கள் முறை வந்ததும் இந்த ஊரின் மரபு ஒன்று: “லாங் டைம் லிசனர், ஃபர்ஸ்ட் டைம் காலர்.” ரொம்ப நாளாகக் கேட்கிறேன், முதல்முறை அழைக்கிறேன் என்று. சுருக்கி “ஃபர்ஸ்ட் டைம், லாங் டைம்” என்பார்கள். அதைச் சொன்னால் தொகுப்பாளரின் குரலே கொஞ்சம் கனியும். நலம் விசாரிப்பை நீட்டாமல் கருத்துக்கு வந்துவிடுங்கள். ஒரு கருத்து, ஒரு காரணம், ஓர் உதாரணம். குறுக்கே பேசினால் கோபப்பட வேண்டாம், அது இங்கே பேச்சின் பாணி. உச்சரிப்பைப் பற்றிய பயம் எனக்கும் இருந்தது. பிராங்ஸ், புரூக்ளின், டொமினிக்கன், கொரிய, இத்தாலிய உச்சரிப்புகள் எல்லாம் வந்துபோகும் வரிசை அது. அணியைப் பற்றித் தெரிந்து பேசுகிறவரை யாரும் உச்சரிப்பைப் பார்ப்பதில்லை.

பேசி முடித்ததும் “ஐ வில் ஹேங் அப் அண்ட் லிசன்” என்று சொல்லி வைத்துவிடுங்கள். உங்களுக்கான பதிலை ரேடியோவில் கேட்பதுதான் முறை.

நான் அழைத்த அன்று எடிசனில் ஒரு மளிகைக்கடை வாசலில் காரை நிறுத்தியிருந்தேன். போனை வைத்ததும் ரேடியோவைப் போட்டேன். தொகுப்பாளர் நான் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டு நிமிடம் மறுத்துப் பேசினார். விளம்பரம் முடிந்து அடுத்தவர் வந்தார், நியூஜெர்சியின் பேயோன் ஊர்க்காரர். “நான் வேறொன்று பேசத்தான் போன் போட்டேன். ஆனால் அந்த எடிசன்காரர் சொன்னது சரிதான், அவரை விட்டுவிடாதீர்கள்” என்றார். வண்டியை எடுக்காமல் அந்த மணி நேரம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.